ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறு ரூபா

ஒரு சனிக்கிழமை பின்னேரம். நாங்கள் ஐந்து பேர். ஆளுக்குக் கொஞ்சக் காசு, கையில் ஒரு ஃபோன், யாழ்ப்பாண நகரத்துக்குள் எங்கேயாவது வீ.ஆர் விளையாடலாமா என்ற ஒரு கேள்வி. பாடப்புத்தகத் தமிழில் இதற்கு மெய்நிகர் உண்மை என்று பெயர். எங்களுக்கு அது கண்ணை முழுக்க மூடுகிற ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேறு ஒரு இடத்துக்குள் போய் நிற்பது. யூடியூபில் கனக்கப் பார்த்தாயிற்று. ஒருக்கா போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஃபோன் வரைபடம் நாலு இடம் காட்டியது. முதலாவது இடத்தில் வீ.ஆர் என்று பெரிய போர்டு. உள்ளே சீமெந்து, முள்ளுக்கம்பி, பெயின்ற் வாளி. கல்லாவில் இருந்த ஐயா எங்கட கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, வீ எங்கட அப்பப்பா, ஆர் எங்கட அப்பா. நீங்கள் தேடுறது வேற வீ.ஆர் போல." இரண்டாவது இடம் பூட்டிக் கிடந்தது. மூடி ஒரு வருஷத்துக்கு மேலே என்று பக்கத்துத் தையல்கடை அக்கா சொன்னா. மூன்றாவது ஒரு கேம் சென்டர். கொம்பியூட்டர் இருந்தது, பிளேஸ்டேஷன் இருந்தது, வீ.ஆர் மட்டும் "வரும்" என்றார்கள். எப்போது என்று கேட்டோம். "வரும்."

நாலாவது இடம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடி மூலை. முட்டை மாதிரி ஒரு கதிரை, சுற்றி நீல வெளிச்சம், பக்கத்தில் ஒரு மின்விசிறி. ஐந்து நிமிடம், ஐந்நூறு ரூபா. இருத்தி, பட்டி போட்டு, ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். ரோலர் கோஸ்டர் ஒன்று மேலே ஏறிக் கீழே விழுந்தது. கதிரை குலுங்கியது. மின்விசிறி காற்று அடித்தது. படம் மங்கல். முகத்தில் ஒட்டிய ஸ்பொஞ்ச் முன்னால் இருந்தவரின் வியர்வையில் இன்னும் ஈரம். ஒருவருக்குத் தலை சுற்றி, இறங்கியதும் படிக்கட்டிலேயே இருந்துவிட்டார். "எனக்கு வீ.ஆர் ஒத்துவராது மச்சான்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கான பதில். அவருக்கு ஒத்துவராமல் போனது வீ.ஆர் இல்லை. வீ.ஆர் என்ற பெயரில் எங்கட தலையில் கட்டப்பட்ட வேறு ஒரு சாமான்.

எங்களுக்கு விற்றது என்ன?

1962 இல் அமெரிக்காவில் மோர்ட்டன் ஹைலிக் என்ற ஒளிப்பதிவாளர் சென்சொராமா என்ற ஒரு பெட்டியைச் செய்தார். அதற்குள் தலையை விட்டால் நியூயோர்க் தெருவில் மோட்டார் சைக்கிளில் போகிற படம் ஓடும். கதிரை அதிரும், காற்று அடிக்கும், மணம்கூட வரும். எங்கட மேல்மாடிக் கதிரையில் மணம் வரவில்லை, வியர்வை மணத்தைத் தவிர. அறுபது வருஷத்துக்கு முந்திய பெட்டியில் இருந்து ஒரு வசதியைக் குறைத்து, நீல வெளிச்சம் போட்டு, 'புதிய தொழில்நுட்பம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உண்மையான வேறுபாடு தொடங்குவது 1968 இல். ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்தார். கூரையில் இருந்து தொங்கவிட வேண்டிய அளவு பாரமான கருவி. அதில் தெரிந்தது வெறும் கோடுகளால் ஆன பெட்டிகள்தான். ஆனால் நீங்கள் தலையைத் திருப்பினால், நகர்ந்தால், அந்தக் கோடுகளும் அதற்கேற்ப மாறும். பார்க்கிறவருடைய உடம்பைக் கருவி கணக்கில் எடுத்துக்கொண்டது. வீ.ஆரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதை எந்த இடத்திலும் அரை நிமிடத்தில் சோதிக்கலாம். ஹெட்செட்டை மாட்டியதும் ஒரு அடி முன்னால் வையுங்கள், அல்லது குந்துங்கள். உள்ளே இருக்கும் மேசை கிட்ட வருகிறதா, அதன் அடிப்பக்கம் தெரிகிறதா? தெரிந்தால் கருவி உங்கள் நடையையும் பார்க்கிறது. நீங்கள் நகர உலகமும் உங்களோடு சேர்ந்தே வந்தால், கருவிக்குத் தலையைத் திருப்புவது மட்டும்தான் தெரியும். ஃபோனை ஒரு பெட்டிக்குள் செருகிச் செய்கிற வீ.ஆர் அந்த இரண்டாவது வகை. கூகுள் 2014 இல் மட்டை அட்டையில் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. அதே கூகுள் தன் ஃபோன் வீ.ஆர் திட்டத்தை 2019 இல் கைவிட்டது. செய்தவர்களே கைவிட்ட சாமானுக்கு நாங்கள் இன்றைக்கும் வரிசையில் நிற்கிறோம்.

தலைச்சுற்று ஏன் வந்தது? கொழும்பு பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் ஏன் குமட்டுகிறதோ அதே காரணம், தலைகீழாக. பஸ்ஸில் உடம்பு ஓடுகிறது, கண் எழுத்தில் நிற்கிறது. ரோலர் கோஸ்டரில் கண் ஓடுகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நீ கதிரையில்தானே இருக்கிறாய்" என்கிறது. இரண்டும் சண்டை பிடிக்க வயிறு பிரட்டுகிறது. இது தெரிந்த ஒருவர் முதன்முதலாக ஹெட்செட் போடுகிறவருக்கு ரோலர் கோஸ்டர் காட்டவே மாட்டார். ஒரே இடத்தில் நின்றபடி கையால் எதையாவது தொட்டு, எறிந்து, வெட்டி விளையாடுவதைத்தான் கொடுப்பார். எங்கட ஊரில் நடப்பது எதிர்மாறு. எது கூடக் குமட்டுமோ அதுதான் முதல் காட்சி, ஏனென்றால் கதிரையின் குலுக்கலோடு ஒத்துப்போவது அதுதான், வெளியில் நிற்கிறவர்களுக்குக் கத்தல் கேட்பதும் அதில்தான். கத்தல் விளம்பரம்.

கலரி இல்லாத தியேட்டர்

இனி காசுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் இருந்து இந்த நாட்டில் குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,080 ரூபா, மாதச் சம்பளம் 27,000 ரூபா என்று சட்டம் சொன்னது. ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறு என்றால், கிட்டத்தட்ட அரைநாள் வேலை ஐந்து நிமிடத்தில் போகிறது. புடவைக்கடையில் நிற்கிற எங்கட சிநேகிதி அன்றைக்குக் கதிரையில் ஏறவில்லை. "நான் வெளியில நிண்டு பார்க்கிறன்" என்றா. பார்க்க அவவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே தெரிவதை வெளியே காட்டும் திரை அங்கே இல்லை. ஒரு கதிரையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கத்துவதைத்தான் அவ ஐந்து நிமிடம் பார்த்தா.

எங்கட அப்பா அம்மாவின் யாழ்ப்பாணத்தில் வின்சர், வெலிங்டன், ரீகல், ராணி என்று தியேட்டர்கள் இருந்தன. அந்தத் தியேட்டர்களில் மேல்சாதித் திமிரும் இருந்தது, மூட்டைப்பூச்சியும் இருந்தது, நாங்கள் அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கலரி என்று ஒன்று இருந்தது. திரைக்குக் கிட்ட, கழுத்து நோக, குறைஞ்ச காசுக்கு. பல்கனியில் இருந்தவரும் கலரியில் இருந்தவரும் பார்த்தது ஒரே படம். பிறகு போர்க்காலத்தில் டெக்கும் ரி.வியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து ஒரு வீட்டு முற்றத்தில் வைத்தால் ஒழுங்கை முழுக்க வந்து விடிய விடியப் படம் பார்த்ததை எங்கட வீடுகளில் இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். ஒரு கருவி, முப்பது பேர். வறுமையிலும் பொருளாதாரத் தடையிலும் பொழுதுபோக்கைப் பங்கு போடத் தெரிந்த ஊர் இது. அமைதி வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒருவர் மட்டும் இருக்கும் முட்டை.

"சொந்தமாக வாங்குங்கோவன்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். மெட்டாவின் மலிவான ஹெட்செட் 2024 கடைசியில் வந்தபோது 299 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தாலே கிட்டத்தட்ட 90,000 ரூபா. வரியும் கொண்டு வருகிற செலவும் அதற்கு மேலே. குறைந்தபட்சச் சம்பளம் எடுக்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. வெளிநாட்டில் மாமா இருந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. இந்த ஊரின் எல்லா வசதியும் இந்த ஒரு கேள்வியில்தான் பிரிகிறது: வெளிநாட்டில் ஆள் இருக்கா?

"கொழும்புக்குப் போங்கோ"

இன்னொரு சாரார் சொல்வது இது. போனோம். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஒரு இரவு ரயில், ஒரு பெரிய ஷொப்பிங் மோல். அங்கே நல்ல கருவி இருந்தது, மறுக்கவில்லை. நாலு பேர் ஒன்றாக ஒரு அறைக்குள் நடந்து திரியலாம். கதவடியில் ஒரு தாள் கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலம். அடிபட்டால் நாங்கள் பொறுப்பில்லை, வலிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்ததை எங்களில் இருவர் மற்ற இருவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். விளக்கம் சொன்ன தம்பி நல்லவர். சிங்களத்தில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார், தமிழ் அவருக்குத் தெரியாது. சுவரைக் கிட்டினால் கண்முன் கட்டம் கட்டமாகக் கோடு வரும், வந்தால் நிற்க வேண்டும். அந்த ஒரு வசனம் எங்களில் ஒருவருக்கு விளங்கவில்லை. கோட்டைக் கேமின் பகுதி என்று நினைத்து அதை ஓங்கி அடித்தார். அடித்தது சுவரை. விரல் இரண்டு கிழமை வீங்கிக் கிடந்தது.

1987 இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்தச் சட்டம் கச்சேரிக்குத்தான், கேம் கல்லாவுக்கு இல்லை, தெரியும். ஆனால் நாங்கள் கேட்பது மொழிப் பெருமை இல்லை. கண்ணைக் கட்டி விடுகிற இடத்தில், கட்டுவதற்கு முன் எங்களுக்கு விளங்குகிற மொழியில் நாலு வசனம். பஸ்ஸில் 'கையை வெளியே நீட்டாதே' என்று எழுதுவதற்குச் சமமான காரியம்.

கண்ணைக் கட்டின பிறகு யார் காவல்?

இதைப் பெடியள் எழுதும் விமர்சனங்களில் நாங்கள் காணவில்லை. ஆகவே பெலமாகச் சொல்கிறோம். ஹெட்செட் போட்டால் அறையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. காதில் சத்தம், ஆகவே யார் கிட்ட வருகிறார்கள் என்று கேட்காது. கையை விரித்து, குனிந்து, சுழன்று ஆடுகிறீர்கள். வெளியே நிற்கிறவர் கையில் ஃபோன் இருக்கிறது. எங்களில் ஒருத்தி மேல்மாடிக் கதிரையில் இருந்து இறங்கியபோது, அறிமுகமே இல்லாத இரண்டு பேர் தன்னைப் படம் எடுத்துக்கொண்டு நின்றதைக் கண்டாள். பட்டியைப் போட்டுவிட்டவர் அவளிடம் கேட்காமலே தோளில் கை வைத்து இறுக்கியிருந்தார். பிறகு அவள் எங்களோடு அங்கே வரவில்லை. அவளும் "ஒத்துவராது" என்றுதான் சொன்னாள். இரண்டு பேர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள், இரண்டு வேறு காரணத்துக்காக. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்: பொம்பிளைப் பிள்ளையளுக்கு உதில விருப்பமில்லை.

கருவியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் இடையிலான தூரம் ஆளுக்காள் வேறு, சராசரியாகப் பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் குவெஸ்ட் 2 இல் 58, 63, 68 மில்லிமீற்றர் என்று கண்ணாடியை மூன்று நிலையில் நகர்த்தலாம். நகர்த்தாமல் போட்டால் சிலருக்குப் படம் மங்கும், தலை இடிக்கும். நாங்கள் போன எந்த இடத்திலும் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. தொப்பி வாங்கும்போதுகூட அளவு கேட்கிற ஊர்.

சனசமூக நிலையத்தில் ஒரு இரவு

குறை மட்டும் சொல்கிறோம் என்று யாரும் சொல்லக்கூடாது. செய்தும் பார்த்தோம். எங்களில் ஒருவரின் மச்சான் கனடாவில் இருந்து லீவுக்கு வந்து, பழைய குவெஸ்ட் 2 ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அதை ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோனோம். பேப்பர் வாசிக்கிற மேசையை ஓரம் தள்ளி, தரையில் வெள்ளை நூலால் ஒரு சதுரம் போட்டு, ஹெட்செட்டுக்குள் தெரிவதை அங்கிருந்த ரி.வியில் காட்டினோம். ஆளுக்கு ஆறு நிமிடம். ஒவ்வொரு முறையும் துடைத்தோம். இரண்டு பிள்ளையள் பொறுப்பு, படம் எடுக்கக்கூடாது என்று முதலே சொல்லியாயிற்று. முப்பது பேர் அளவில் வந்தார்கள். காசு இல்லை.

புடவைக்கடைச் சிநேகிதி அன்றைக்கு விளையாடினா. வந்த ஒரு ஆச்சி, கடலுக்கடியில் திமிங்கிலம் வரும் காட்சியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டித் தொடப் பார்த்தா. "இவ்வளவு கிட்ட வந்தும் ஒண்டும் செய்யேல்லை" என்று பேரப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போனா. தலை சுற்றுகிறது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. ரோலர் கோஸ்டர் காட்டவில்லை, அதுதான் இரகசியம்.

பிழையும் விட்டோம், அதையும் எழுத வேண்டும். 'கீப் டோக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்புளோட்ஸ்' என்று 2015 இல் வந்த ஒரு கேம் உண்டு. ஹெட்செட் போட்டவருக்கு மட்டும் குண்டு தெரியும். வெளியே இருப்பவர்கள் கையில் செயலிழக்கச் செய்யும் கையேடு. ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது, கதைத்துக் கதைத்துத்தான் தப்ப வேண்டும். ஒரு ஹெட்செட்டை ஐந்தாறு பேர் பங்கு போட இதைவிட நல்ல கேம் இல்லை. கையேட்டின் சில பக்கங்களை நாங்களே தமிழாக்கி அச்சடித்துக் கொண்டுபோனோம். எல்லோரும் கத்தினார்கள், சிரித்தார்கள். நேரம் குறையக் குறைய அந்த 'பீப்' சத்தம் வேகமாகியது. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி வெளியே போனா. வன்னியில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். மகன் பின்னாலே போனான். திரும்பி வந்து, "அம்மாக்கு ஒண்டுமில்லை, நீங்கள் விளையாடுங்கோ" என்றான். நாங்கள் விளையாடவில்லை.

அந்தக் கேமை நாங்கள் கூடாது என்று சொல்லவில்லை. எங்கட கூட்டம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் வைத்தோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் காசு கொடுத்துப் போன இடங்களில் ரோலர் கோஸ்டரை விட்டால் கையில் வைத்தது எல்லாம் துவக்குத்தான். சொம்பியைச் சுடு, எதிரியைச் சுடு. போர் முடிந்து பதினைந்து வருஷம் கழிந்தும் கண்ணிவெடி தோண்டி எடுத்துக்கொண்டிருந்த மண்ணில், பொழுதுபோக்கு என்று வருகிற முதல் சாமான் துவக்காக இருப்பதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. தடை கேட்கவில்லை. தெரிவு கேட்கிறோம். கீறலாம், ஏறலாம், பாட்டுக்கு வெட்டலாம், கடலுக்குள் இறங்கலாம். என்ன என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் சுவரில் இருந்தால் சுட விரும்புகிறவர் சுடட்டும், விரும்பாதவர் வீட்டுக்குப் போகத் தேவையில்லை.

"வேற வேலை இல்லையோ?"

பெரியாக்கள் கேட்பது விளங்குகிறது. தண்ணிப் பிரச்சினை இருக்கு, வேலை இல்லை, காணி இன்னும் முழுக்க விடவில்லை, இதுக்குள்ள உங்களுக்குக் கேமோ? ஓம், இதுக்குள்ளதான். ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் மைக்கைப் பிடிக்கிற அதே பெரியாக்கள்தான் இளையோர் போதையில் அழிகிறார்கள், ஃபோனுக்குள் கிடக்கிறார்கள், வாளோடு திரிகிறார்கள் என்று கண்ணீர் விடுகிறார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எங்களுக்குப் போக ஒரு இடம் சொல்லுங்கோ பார்ப்போம். பண்ணைக் கடற்கரை, கோட்டை வாசல், ரியூசன் ஒழுங்கை, கோயில் வீதி. பெட்டையளுக்கு அதிலும் பாதி கிடையாது. இடம் கொடுக்காமல் அறிவுரை மட்டும் கொடுப்பது இலவசம் என்றபடியால்தான் எல்லோரும் அதைக் கொடுக்கிறார்கள்.

"சந்தை பார்த்துக்கொள்ளும், கேள்வி இருந்தால் கடை வரும்" என்கிறவர்களுக்கும் ஒரு பதில். ஐமாக்ஸ் நிறுவனம் 2017 இல் லொஸ் ஏஞ்சலிசில் வீ.ஆர் மையம் திறந்து, வேறு நகரங்களுக்கும் பரப்பி, 2019 தொடக்கத்துக்குள் எல்லாவற்றையும் மூடியது. பெரிய சினிமாக்களின் பெயரில் நடந்த த வொயிட் என்ற நிறுவனத்தின் மையங்கள் 2020 இல் தொற்றோடு கதவடைத்தன. பணக்கார நகரங்களிலேயே இது தள்ளாடுகிற வியாபாரம். யாழ்ப்பாணத்தில் தானாக வந்து தானாக நிலைக்கும் என்று காத்திருந்தால், கிடைப்பது அந்த முட்டைதான். அதுவும் மூடும், வரைபடத்தில் மட்டும் இருக்கும்.

நூலகமும் இலாபத்துக்கு நடப்பதில்லை, விளையாட்டு மைதானமும் இலாபத்துக்கு நடப்பதில்லை. இதையும் அந்த வரிசையில் வையுங்கள். 2017 இல் கலிபோர்னியாவின் தொண்ணூறு அளவிலான பொது நூலகங்களுக்கு ஒக்குலஸ் நூறு ஹெட்செட் கொடுத்தது. விளம்பரத்துக்காகக் கொடுத்தது, பரவாயில்லை, ஆனால் காசில்லாத பிள்ளை போட்டுப் பார்த்தது. ஹெல்சிங்கியில் 2018 கடைசியில் திறந்த ஊடி நூலகத்தில் புத்தகத்தோடு கேம் அறையும் தையல் இயந்திரமும் இருக்கிறது. நூலகம் என்றால் அமைதியாக இரு என்பது மட்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. எங்களிடம் 1981 இல் எரிந்து திரும்ப எழுந்த ஒரு நூலகம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டின, பதினொரு மாடிக் கோபுரமும் அறுநூறு பேர் இருக்கும் மண்டபமும் கொண்ட கலாசார மையம் இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையைப் பற்றி 2025 இல் ஊர் முழுக்கச் சண்டை பிடித்தோம். உள்ளே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

நாங்கள் கேட்பது

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வீடு வீடாக வந்து 'இளைஞர்' என்று சொல்லாத வேட்பாளர் இல்லை. சபைகளில் இப்போது இருக்கிறவர்களிடம் கேட்கிறோம். சனசமூக நிலையங்கள் உங்கட பதிவில்தான் இருக்கின்றன. ஒரு சபைக்கு இரண்டு ஹெட்செட் வாங்குங்கள். ஒரு நிலையத்தில் ஒரு கிழமை என்று சுற்றுக்கு விடுங்கள். பார்க்கிறவர்களுக்கு வெளித்திரை, பொறுப்புக்குப் பயிற்சி எடுத்த இருவர், அதில் ஒருவராவது பெண். திறப்பு விழா வேண்டாம், மாலையும் பொன்னாடையும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஸ்பொஞ்ச் உறை வாங்கலாம்.

கடை நடத்துகிறவர்களிடமும் கேட்கிறோம். உங்களை எதிரியாக நினைக்கவில்லை, இந்த ஊரில் கரண்ட் பில்லும் வாடகையும் கட்டிக் கடை நடத்துவதன் கஷ்டம் தெரியும். விலையையும் நேரத்தையும் வெளியில் எழுதுங்கள். தமிழில் விளக்குங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் துடையுங்கள். தொட முதல் கேளுங்கள். படம் எடுக்கிறவரை வெளியே அனுப்புங்கள். இவ்வளவும் செய்தால் ஒருக்கா வந்தவர் திரும்ப வருவார். மேல்மாடிக் கதிரைக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை, கவனித்தீர்களோ?

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த முறை காசை நீட்ட முதல் கல்லாவில் நாலு கேள்வி கேளுங்கள். நடந்தால் உள்ளேயும் நடக்குமோ? கண் தூரம் மாற்றலாமோ? கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? சுடாத கேம் என்ன இருக்கு? பதில் சொன்னால் விளையாடுங்கள். முழித்தால் காசைப் பொக்கெற்றுக்குள் வையுங்கள். கேட்கிற ஆள் கூடினால் பதில் தெரிந்த ஆளைக் கல்லாவில் வைக்கத்தான் வேண்டி வரும்.

படிக்கட்டில் இருந்த அந்த நண்பர் சனசமூக நிலையத்துக்கும் வந்தார். முதலில் மறுத்தார், பிறகு வெள்ளை நூல் சதுரத்துக்குள் நின்றார். ஆறு நிமிடம் முடிந்ததும் கழற்ற மாட்டன் என்றார். வரிசையில் நின்ற ஒரு பத்து வயதுப் பொடியன் அவரைப் பார்த்து, "அண்ணா, உங்கட நேரம் முடிஞ்சுது, இறங்குங்கோ" என்றான். அவருக்கு மட்டும் இல்லை, கனபேருக்கு அந்த வசனம் பொருந்தும் என்று நாங்கள் பிறகு கதைத்துச் சிரித்தோம்.